அகதெஸ் நகரின் வெள்ளிக் கொல்லர்கள்

ஆப்பிரிக்கக் கைவினைப் பொருள் என்றதும் நம்மில் பலருடைய நினைவுக்கு வருபவை கருமரத்தில் செதுக்கிய யானையும் முகமூடியும்தாம். கப்பல் வேலையிலிருந்து ஊர் திரும்புவோரின் பெட்டியில் வந்து சேரும் அவை, கண்ணாடி அலமாரியில் தூசி படிந்து நிற்கும். முகமூடியைக் கண்டு முகம் சுளித்து, பரணில் ஏற்றிவிடும் பெரியவர்களும் உண்டு. ஆனால் ஆப்பிரிக்கா ஒரே ஊரன்று. ஒரே சமுதாயமும் அன்று. தொழுகைக்கு வரிசையில் நின்று, நோன்பு நோற்று, வெள்ளியைத் தங்கத்தினும் மேலாகப் போற்றி வாழும் மக்களும் அக்கண்டத்தில் உள்ளனர். அவர்களுள் ஒரு பிரிவினரின் கைத்தொழிலைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் வாய்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், கப்பலில் பணியாற்றித் திரும்பியபோது, மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் தம் தாயாருக்கென வாங்கிய வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கொணர்ந்தார். மேலே வளையம், கீழே நான்கு முனைகளும் கூர்மையாக நீண்ட சாய்சதுரம், அதன்மேல் மயிரிழை போன்ற கோடுகள். அழகான வேலைப்பாடு. ஆனால் உடன் வைத்திருந்த அட்டையில் ‘அகதெஸ் சிலுவை’ என்று பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தது. அந்தச் சொல்லை மகன் படித்துச் சொன்னதும் தாயார் பதக்கத்தைப் பெட்டியோடு மேசைமேல் வைத்துவிட்டார். மறுநாள் மகன் அதை என்னிடம் எடுத்து வந்து, “ஹஜ்ரத், இதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. உம்மா இதை வீட்டில் வைக்கலாமா, கூடாதா என்று கேட்கிறார்கள்” என்றார். எனக்கும் அப்போது விடை தெரியவில்லை. தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையன்று என்பதால் நூல்களைத் தேடலானேன்.

மண் மினாராவின் நிழலில்

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் என்றொரு நாடு இருக்கிறது. பெயர் ஒற்றுமையால் இதை நைஜீரியா என்று மயங்குவோர் பலர். நைஜீரியாவுக்கு வடக்கே, கடலே தொடாமல், பெரும்பகுதி சஹாராப் பாலைவனமாகக் கிடக்கும் தனி நாடு இது. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்நாட்டின் வடபகுதியில், அயீர் மலைத்தொடரின் தென்முனையில் அமைந்துள்ளது அகதெஸ் நகரம். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1515ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு, 1844இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் மினாரா முழுவதும் பச்சை மண்ணால் ஆனது. உயரம் 27 மீட்டர். மண்ணால் கட்டிய மிக உயர்ந்த மினாராக்களுள் இதுவும் ஒன்று. மரக்கட்டைகள் முட்கள்போல் அதன் சுவர்களிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பழுதுபார்க்க ஏறுவோருக்கு அவையே சாரம். பழைய நகரப் பகுதியை 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த வட்டாரத்தில் உலோகத் தொழில் நேற்று முளைத்ததன்று. மதுரை சுல்தானின் அவைக்கு வந்து சென்ற அதே இப்னு பதூதா, தம் இறுதி நெடும்பயணத்தில் 1353ஆம் ஆண்டு இப்பகுதியைச் சார்ந்த தக்கத்தா என்னும் ஊரில் தங்கினார். அங்கே செம்பு வெட்டி எடுத்து உருக்குவதையும், செம்புக் கம்பிகள் நாணயம்போல் புழங்குவதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இந்நிலத்தின் பழங்குடியினர் துவாரெக் மக்கள். ஒட்டகம் மேய்த்தும், உப்பும் பேரீச்சையும் ஏற்றிய வணிகக் கூட்டங்களை நடத்தியும் வாழ்ந்தவர்கள். இவர்களுள் ஆடவரே முகத்தை மறைப்பர். அவுரி நீலத்தில் தோய்த்த நீண்ட தலைப்பாகையால் கண்கள் மட்டும் தெரியுமாறு மூடிக்கொள்வர். பெண்கள் தலைக்கு முக்காடிடுவரே தவிர முகம் மறைப்பதில்லை. கூடாரம் பெண்ணின் உடைமை. திருமணத்தின்போது அவளுடைய உறவினர் அமைத்துத் தருவது அது; மணமுறிவு நேர்ந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் போய்விடுவாள், வெளியே நிற்பவன் கணவன். இதை வாசிக்கும் சகோதரிகள் சற்றே புன்னகைக்கக்கூடும்.

தாவூத் நபியின் வழியினர்

துவாரெக் சமுதாயத்தில் கொல்லர்கள் தனிப் பிரிவினர். இனாதன் என்பது அவர்கள் பெயர். ஒருவரைக் குறிக்கையில் எனாத். வெள்ளி நகை, வாள், கத்தி, பூட்டு, ஒட்டகச் சேணம், மரக் கரண்டி ஆகிய அனைத்தும் அவர்கள் கையால்தான் ஆக வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் தோலில் வேலை செய்பவர்கள். சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றிய தோலைக் கீறியும் பின்னியும் பைகளும் திண்டுகளும் செய்வார்கள். மணப்பெண்ணுக்குச் சடை பின்னுவதும் மருதாணி இடுவதும் அவர்கள் பணியே. இரு வீட்டாரிடையே மணம் பேசச் செல்பவனும் கொல்லனே; குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளில் இறைச்சியைப் பங்கிடுபவனும் அவனே. தங்களுக்குள் பேச தெனெத் என்னும் மறைமொழி ஒன்றும் அவர்களிடம் உண்டு.

இத்தனையும் இருந்தும் குலத்தலைவர்கள் அவர்களைத் தமக்குச் சமமாக மதித்ததில்லை. அவர்களோடு மண உறவு கொண்டதுமில்லை. இரும்பையும் நெருப்பையும் ஆள்பவனிடம் ஏதோ ஒரு கண்ணேறு ஆற்றல் இருப்பதாக அஞ்சினர். அவன் கேட்டதைக் கொடுக்காவிட்டால் தீங்கு நேரும் என நம்பினர். கொல்லர்களோ, தாங்கள் தாவூத் நபி (அலை) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று பெருமிதத்தோடு கூறுவர். தாவூத் நபிக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாகத் திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் பேசுவதை நாம் அறிவோம். அந்த நபியின் பெயரைச் சொல்லிக்கொண்டு உழைப்பவனைத் தாழ்த்தி வைத்த சமுதாயம், அவன் செய்த நகையை மட்டும் மார்பில் சூடிக்கொண்டது. இந்த முரண்பாடு சஹாராவுக்கு மட்டுமே உரியது என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

மெழுகு உருகி வெள்ளி நிறையும் வேலை

கொல்லனின் பட்டறை என்பது பெரும்பாலும் ஒரு பாய் விரிக்கும் இடந்தான். மணலில் ஊன்றிய சிறு பட்டடைக்கல், ஆட்டுத்தோல் துருத்தி, கரி, ஓரிரு சுத்தியல், அரம், செதுக்குளி. தரையில் அமர்ந்து, வேலைப் பொருளைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு கைகளால் இழைப்பான். ஒட்டகத்தில் ஏற்றி அடுத்த முகாமுக்குக் கொண்டுபோகத் தக்க பட்டறை அது.

பதக்கம் செய்ய முதலில் தேன்மெழுகை எடுத்துக்கொள்கிறான். அதை இளக்கித் தகடாக்கி, வெட்டி, விரலால் உருட்டி, வேண்டிய வடிவத்தை மெழுகிலேயே முழுமையாக உருவாக்கி முடிக்கிறான். அதனோடு மெழுகுத் தண்டு ஒன்றையும் இணைக்கிறான். பின்னர் வெள்ளி உள்ளே இறங்க வேண்டிய வாய் அதுதான். இதன்மேல் சாணம் கலந்த மென்மையான களிமண்ணை மெல்லப் பூசிக் காயவிட்டு, மீண்டும் பூசிக் காயவிட்டு, கனத்த மண் உருண்டையாக்குகிறான். உருண்டை நன்கு உலர்ந்தபின் கரி நெருப்பில் வாட்டினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வாய்வழியே ஒழுகிவிடும். அதை நீர்க் கிண்ணத்தில் பிடித்து மறுபடி பயன்படுத்திக்கொள்வான். பாலையில் எதையும் வீணாக்குவாரில்லை. இப்போது மண்ணுக்குள் பதக்கத்தின் வடிவில் வெற்றிடம். மூசையில் உருக்கிய வெள்ளியை அவ்விடத்தில் வார்க்கிறான். ஆறியபின் மண்ணை உடைத்து எடுத்தால் கரடுமுரடான வெள்ளித் துண்டு வெளிவரும். அதன்பிறகே உண்மையான உழைப்பு தொடங்குகிறது. அரத்தால் விளிம்பை நேராக்கி, மணலும் நீரும் இட்டுத் தேய்த்து, செதுக்குளியால் புள்ளிகளையும் கோடுகளையும் பதிக்க வேண்டும்.

மண் அச்சு ஒருமுறைக்கே உதவும். உடைக்காமல் நகையை எடுக்க முடியாது. ஆகவே ஒரே கொல்லன் ஒரே நாளில் செய்த இரு பதக்கங்கள்கூட அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை. இரண்டு தோடுகள் ஒரே அளவாக இல்லையே என்று குறைப்படுவோர் இதை அறிய வேண்டும்.

வெள்ளி எங்கிருந்து கிடைத்தது? அயீர் மலையில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. வணிகத்தில் கைமாறி வந்த நாணயங்களே மூலப்பொருள். அவற்றுள் பெயர்பெற்றது ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த தாலர். அந்த அம்மையார் 1780இல் இறந்தபின்பும், அதே ஆண்டைப் பொறித்தே நாணயத்தைத் தொடர்ந்து அடித்து வந்தார்கள். ஆண்டு மாறினால் அரபு நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் வணிகர்கள் ஏற்கத் தயங்கினார்கள் என்பதே காரணம். ஒரு தாலரின் எடை 28 கிராமுக்குச் சற்று மேல். அதில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. ஐரோப்பிய அரசியின் முகம் இப்படி எத்தனையோ மூசைகளில் கரைந்து, துவாரெக் மணப்பெண்களின் கழுத்தணியாயிற்று.

தங்கத்தை ஏன் விரும்பவில்லை?

நம் வீடுகளில் நகை என்ற சொல்லே தங்கத்தைத்தான் குறிக்கிறது. துவாரெக் மரபில் நிலைமை நேர் எதிர். தங்கம் தீமையை அழைத்துவரும் என அஞ்சினர். வெள்ளியோ தூய்மையின் உலோகம், பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பிய உலோகம் என்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்ததையும் அதை முத்திரையாகப் பயன்படுத்தியதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றில் அம்மோதிரத்தின் கல் அபிசீனியக் கல் என்றும் வருகிறது. ஆடவருக்குத் தங்கம் விலக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகும் என்பது நாமறிந்த சட்டம். பெண்களும் தங்கத்தை ஒதுக்கியது மார்க்கச் சட்டமன்று, அம்மக்களின் பழக்கம். அண்மைக் காலத்தில் நகரங்களில் குடியேறிய குடும்பத்துப் பெண்கள் தங்கமும் அணியத் தொடங்கியுள்ளனர். கொல்லர்களும் செய்து கொடுக்கின்றனர்.

‘சிலுவை’ என்ற பெயர்

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். துவாரெக் மொழியில் இப்பதக்கத்தின் பெயர் தெனெகெல்த். ஊற்றுதல் எனும் வினையிலிருந்து பிறந்த சொல் என்பர். நம் மொழியில் ‘வார்ப்பு’ என்றால் எப்படியோ அப்படி. சிலுவை என்ற பெயரை இட்டவர்கள் அந்நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள். குறுக்குக் கோட்டைக் கண்டதும் அவர்களுக்குத் தெரிந்த உருவம் நினைவுக்கு வந்தது, பெயரும் நிலைத்துவிட்டது. அணிந்தவர்களுக்கு அப்படியோர் எண்ணமே இல்லை. ஒட்டகச் சேணத்தின் முன்கொம்பைப் போன்றது என்பார் சிலர். விண்மீன் கூட்டத்தின் வடிவம் என்பார் சிலர். பண்டைக் கார்த்தேஜ் நகரின் சின்னத்தோடு உறவுபடுத்துவாரும் உளர். முடிவான சான்று எவரிடமும் இல்லை.

தந்தை தன் மகனுக்கு இதை அணிவிக்கையில், அவன் எங்கு மரிப்பான் என்பதை அறியாததால் உலகின் நான்கு திசைகளையும் அவனுக்குக் கொடுப்பதாகச் சொல்வார் என்றொரு செய்தி பல நூல்களில் காணப்படுகிறது. கேட்பதற்கு நெஞ்சை உருக்கும் செய்தி. இது பழைய வழக்கா, கடைவீதியில் வெளிநாட்டாருக்குச் சொல்லிச் சொல்லி வளர்ந்ததா என்ற ஐயம் எனக்கு உண்டு. அகதெஸ், தஹுவா, ஜிந்தர், இஃபெரூவான், இன்கால் என ஊருக்கொரு வடிவமாக மொத்தம் இருபத்தொரு ‘சிலுவைகள்’ என்று பலகையில் பதித்து விற்கிறார்கள் அல்லவா, அவற்றிலும் சிலவே பழமையானவை. மற்றவை வாங்குவோரின் ஆவலுக்காகப் பிற்காலத்தில் கூட்டப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பசித்த கொல்லன் கதையையும் சேர்த்து விற்றால் நான் அவனைக் குறை கூறமாட்டேன். ஆனால் வாங்குகிறவர் கதையையும் நகையையும் பிரித்தறிவது நல்லது.

சாவியும் பெட்டியும்

எனக்கு மிகவும் பிடித்த பொருள் பதக்கமன்று; முக்காட்டுச் சாவி. பாலைக்காற்றில் முக்காடு பறக்காதிருக்க, அதன் ஓரத்தில் ஒரு சாண் நீளமுள்ள கனத்த உலோகச் சாவியைக் கட்டித் தோளுக்குப் பின்னே எறிந்துகொள்வார்கள் துவாரெக் பெண்கள். இரும்பு, செம்பு, பித்தளை மூன்றையும் ஒட்டிச் செய்தவை இவை. பொருள்களை வைத்துப் பூட்டும் தோல் பைகளின் பூட்டுக்கு உரியவையாகவும் சாவிகள் இருந்தன. வீட்டுடைமை யாருடைய பொறுப்பில் என்பது அவள் தோளைப் பார்த்தாலே விளங்கிவிடும். தேநீருக்கான சர்க்கரைக் கூம்பை உடைக்கப் பித்தளைப் பூண் இட்ட சிறு சுத்தியல் ஒன்றும் செய்கிறார்கள். விருந்தினர் முன் வைக்கும் பொருளாதலால் அதிலும் அழகு வேண்டும் அவர்களுக்கு.

கொமிசா என்பது ஐந்து சாய்சதுரங்களை அடுக்கிய மார்பணி. சிப்பியிலும் வெள்ளியிலும் ஆவது. ஐந்து என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லே பெயராயிற்று. கண்ணேறு படாது என்று அணிகிறார்கள். திருவசனம் எழுதிய தாளை உள்ளே வைத்து மூடும் சதுர வெள்ளிப் பெட்டிக்குத் ஷெரோத் என்று பெயர். ஆடவர் தலைப்பாகையிலும் கழுத்திலும் கட்டிக்கொள்வர். தாயத்துக் குறித்து உலமாப் பெருமக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. உலோகத் துண்டுக்குத் தானாகக் காக்கும் ஆற்றல் இல்லை என்பதில் எவருக்கும் வேறுபாடில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வெளிநாட்டாருக்கு விற்கும் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒன்றுமே இருப்பதில்லை.

நம் நாட்டுக் கல்

துவாரெக் கழுத்தணிகளில் சிவந்த கல் ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். மேலே வளையம், கீழே முக்கோணம். தல்ஹகீம்த் என்பர். சூடானில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்த ஆர்க்கெல் என்பார் 1935இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், இவ்வகை அணிகளின் வேர் இந்தியாவில் உள்ளது என எடுத்துக்காட்டினார். ஆம், குஜராத்தின் கம்பாத் துறைமுகம்! அகீக் கல்லை நெருப்பில் சுட்டுச் செந்நிறம் ஏற்றி, அறுத்து, மெருகிட்டு, அரபுக் கடலோரம் வழியாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஊர் அது. வரவேற்பைக் கண்ட ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டில் ஈதார் ஓபர்ஸ்டைன் நகரில் அதேபோன்ற கல்லை இயந்திரத்தால் அறுத்து மலிவாக அனுப்பினர். பிறகு பொஹீமியாவிலிருந்து கண்ணாடி வந்தது. இறுதியில் பிளாஸ்டிக்கும் வந்தது. அகதெஸ் கொல்லன் நான்கையும் வெள்ளியில் பதித்தான். அவன் பார்த்தது நிறத்தை, பிறந்த ஊரையன்று.

வறட்சிக்குப் பின்

முன்னாளில் ஒவ்வொரு கொல்லனுக்கும் ஆதரிக்கும் குடும்பங்கள் இருந்தன. கூலி என்று பணம் வாங்குவதில்லை. அறுத்த ஆட்டில் பங்கு, தினை, பேரீச்சை, சில சமயம் உயிருள்ள கால்நடை. 1973ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் மீண்டும் 1984இலும் மழை பொய்த்து, மந்தைகள் மடிந்தன. கொடுப்பதற்குத் தலைவர்களிடமே ஒன்றுமில்லை. வெள்ளி நகைகளைப் பெண்கள் கழற்றிச் சந்தையில் விற்றுத் தானியம் வாங்கினார்கள். மேய்ச்சலை மட்டுமே அறிந்தவர்கள் அகதி முகாம்களில் நின்றபோது, கையில் தொழில் வைத்திருந்த கொல்லன் நகரத்துக்கு வந்து பாயை விரித்தான். தாழ்வாக எண்ணப்பட்டவனிடம் காசு புழங்கத் தொடங்கியது. நியாமேயில் 1959இல் அமைந்த தேசிய அருங்காட்சியகத்தின் வளாகத்திலேயே கைவினைஞர்கள் அமர்ந்து வேலைசெய்து விற்கிறார்கள். 1990களில் பாரிஸ் நகரின் ஹெர்மெஸ் நிறுவனம் துவாரெக் வெள்ளி வேலைப்பாட்டை நாடி வந்தது. 2006இல் அமெரிக்கப் பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் இரண்டு சேர்ந்து துவாரெக் கலைக்கெனவே பெரும் கண்காட்சி அமைத்தன.

அந்த வாழ்வும் நிலைக்கவில்லை. 1990 முதல் 1995 வரையிலும், பின்னர் 2007 முதல் 2009 வரையிலும் துவாரெக் கிளர்ச்சிகள் நடந்தன. கடத்தல் அச்சம் பரவியது. பயணிகள் வருகை அற்றுப்போயிற்று. 2023 ஜூலையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் மேலைநாடுகள் தம் மக்களை அப்பக்கம் போகவேண்டாமென்று எச்சரித்தன. வாங்குகிறவர் வராததால் கொல்லர்கள் தாங்களே புறப்பட்டு, கடலோர நாடுகளின் தலைநகரங்களுக்கும், வாய்ப்புக் கிடைத்தவர் ஐரோப்பியச் சந்தைகளுக்கும் நகை மூட்டையோடு செல்கின்றனர். இதற்கிடையே, நிக்கல் கலந்த வெள்ளை உலோகத்தில் இயந்திரத்தால் அடித்த போலிகள் வெள்ளி என்ற பெயரில் விற்கின்றன. கையில் எடுத்தால் எடை குறைவு; பின்புறம் வழவழப்பு; எல்லாம் ஒரே அச்சு. அத்தகையது ஒன்று விற்கும்போது ஒரு கொல்லனின் பல நாள் உழைப்பு மூட்டையிலேயே கிடக்கிறது.

பேரம் பேசுவதில் நம்மவர் வல்லவர்கள். மாணவரும் கடைக்காரர் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டு, கால்மணி நேரம் வாதாடி, அதற்குச் சற்று மேலே முடித்ததாகச் சொன்னார். வெள்ளியின் எடைக்கு அன்று என்ன விலை என்று இருவரும் கணக்கிட்டுப் பார்த்தோம். வேலைக்கூலியாக மிகச் சொற்பமே மிஞ்சியது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அறிந்தவற்றை அந்தத் தாயாரிடம் அவர் வீட்டு வாசல் திண்ணையில் அமர்ந்து விளக்கினேன். கதவுக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “இதைச் செய்தவர் நம்மைப் போலத் தொழுகிறவரா?” என்று ஒன்றே ஒன்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான் என்றேன். பெயரச்சிட்ட அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னார். மகன் பதக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிய கீறல்கள் நான்கு. வட்டம் ஒன்று, புள்ளி ஒன்று, இரு கோடுகள். துவாரெக் மக்களின் தொன்மையான திஃபினாக் எழுத்துகள் அவை. கொல்லர்கள் தம் பெயரை அவ்வெழுத்தில் பொறிப்பதுண்டு. எங்களில் எவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. பதக்கம் கறுக்காமலிருக்க எதைக்கொண்டு துடைக்க வேண்டும் என்று உள்ளிருந்து குரல் வந்தது.